கதவில் விழுந்த சாக்பீஸ் குறி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது சித்தப்பாவின் பழைய கதைப் புத்தகம் ஒன்று என் தலையிலேயே விழுந்தது. அடி வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வடக்கனந்தலில் எங்கள் தெருவிலேயே பெரிய மீசை சித்தப்பாவுடையது. பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிகிற ஆள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு கொலைகாரன் கதை அவரை மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்தது. வரிசையாகக் கொல்கிறவன். காலையில் கதவில் சாக்பீஸால் ஓர் எழுத்தும் எண்ணும் போடுவான். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் ஒரு பிணம். வீட்டை விட்டு ஓடினாலும் வழியில் மடக்குவான். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி படித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் படித்தார். மாடு குடித்துவிட்டுப் போன பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று நைனார்பாளையத்தில் அவருக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. திருவிழாவில் பார்த்து அவரே ஆசைப்பட்ட பெண். அப்பாவும் அம்மாவும் பூ, பழத்தோடு முன்னால் போய்விட்டார்கள். சித்தப்பா என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். அவர் குளிக்கும்போது சொட்டு மருந்து போடும் அக்காக்கள் இரண்டு பேர் வந்தார்கள். அஞ்சு வயதுக்குள் இங்கே யாருமில்லை என்றேன். வழக்கம்போலக் கதவில் சாக்பீஸால் எழுத்தும் எண்ணும் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

பட்டுச் சட்டையோடு வெளியே வந்த சித்தப்பா கதவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாருடா வந்தது?"

"யாரும் வர்லயே சித்தப்பா. நான் இங்கதான் குந்திக்கினு இருக்கேன்."

இரண்டு நிமிஷ வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அவரோ என்னை உள்ளே இழுத்துத் தாழ் போட்டு, கடப்பாரையோடு கதவுக்கு நேராக உட்கார்ந்துவிட்டார்.

"என் முதுகுக்குப் பின்னாடியே இரு. ஒண்ணுக்குப் போனாலும் சொல்லிட்டுப் போ."

அப்பா மூன்று முறை போன் செய்தார். வயிற்றுப்போக்கு என்றார் சித்தப்பா. அவர் கொடுத்த முறுக்கைக் கடித்தபடி நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லலாமென்றால் கடப்பாரை அவர் கையில் இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து கத்திய பிறகுதான் கதவு திறந்தது. சித்தப்பா தெருவில் இறங்கிப் பார்த்தார். எல்லாக் கதவிலும் அதே குறி. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரத்துணி எடுத்து எங்கள் கதவை மட்டும் துடைத்தார். சொன்ன நாளில் வராத மாப்பிள்ளை வேண்டாமென்று அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

மீசை பயந்த கதையை ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

போன வாரம் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். தாழ் போட்டுக்கொண்டுதான். நடுவில் ஒரு பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது. அந்தக் கொலைகாரன் பெரியவர்களைத் தொடமாட்டானாம். குறி போட்ட வீட்டில் யார் ரொம்பச் சின்னவரோ, அவரைத்தான் எடுப்பானாம்.

எங்கள் வீட்டில் அது நான்.

டீக்கடையில் கூட்டாளியிடம் இதையும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"இத எங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்ற, உங்க சித்தப்பாவுக்குப் போனப் போடு."