நீலக் கொம்பு

தொண்ணூற்றொன்றில் சேரப்பணஞ்சேரிப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வகுப்புகளை நிறுத்திவிட்டு, மாணவர்களை ஊர் ஊராகத் தடுப்பூசி போட அனுப்பினார்கள். ஊசி போட்ட மாட்டுக்கு அடையாளமாகக் கொம்பில் நீலப் பெயிண்ட் பூசினோம். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று பயந்தவர்கள், தாங்களே நீலம் வாங்கிப் பூசிவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் ஊரே நீலம்.

நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? "நீலக் கொம்புக்கெல்லாம் நாளைக்கு இன்னொரு ஊசி" என்று தண்டோரா போடவைத்தோம். ஏமாற்றியவர்கள் பயந்துபோய்த் துடைத்துவிடுவார்கள், பிடித்துவிடலாம் என்று கணக்கு.

காலையில் போனால் மண்ணெண்ணெய் வாடை தூக்கியது. ஒரு கொம்பிலும் நீலம் இல்லை. நிஜமாகவே மாட்டுக்கு ஊசி போடவிட்டவர்களும் சேர்ந்து துடைத்திருந்தார்கள்.

பால்கார அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா டாக்டரு, மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

ஊரில் மிச்சமிருந்த நீலமெல்லாம் எங்கள் வெள்ளைக் கோட்டில்தான் இருந்தது.