பலகையின் பின்பக்கம்

நாச்சாரத்தில் தச்சுக்கடை வாசலில் நிற்கிறேன். சாயங்காலம் ஊருக்கு ரயில். என் மகள் மெழுகை உருக்கி, நிறம் கலந்து, மரப்பலகையில் மாதா படம் வரையப்போகிறாள். எங்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது. வளையாத பலகையை உப்புத்தாளால் தேய்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், தச்சர் அந்தோணி பாலிஷ் போட்டு மினுக்கி வைத்திருக்கிறார்.

"ஐயோ, பாலிஷ் வேண்டாமே அண்ணே!"

"கைக்கு நக்கோ?" ஏன் வேண்டாம் என்று இந்த ஊர் உருதுவில் கேட்கிறார். "மாதாவுக்குப் பளபளன்னு வேணாமா?"

"மெழுகு பிடிக்காது. உரிஞ்சு வந்துடும்."

அவர் முகம் வாடுகிறது. வேறு பலகையும் இல்லை. திருப்பிப் பார்க்கிறேன், பின்பக்கம் வெறும் மரம்.

"இதுல வரையட்டும்ணே."

"அப்போ என் பாலிஷை சுவருதான் பார்க்கணுமா?"

"சுவரும் மாதா வீட்டுச் சுவருதானே."

சிரித்துவிட்டு, துணி விரித்துப் பலகையைக் கவிழ்க்கிறார். உப்புத்தாளைத் தேடுகிறார்.