குங்குமம் வைத்த குஞ்சுகள்

"அக்கா, கொல்றா! ஓடி வாங்க, கொல்றா!"

காலையில் இப்படி ஒரு கத்தல் கேட்டால் யாருக்கும் கை கால் ஓடாது. தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். கத்தியவள் பக்கத்து வரிசை வீட்டுப் புஷ்பம். கொலைகாரி என் கறுப்புக் கோழி.

பத்தாங் காலி பக்கம் ஒரு ஹேட்சரியில் முட்டை பொரிக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே குஞ்சுகளுக்குத் தாய் கிடையாது. சூடு கொடுக்கும் பல்புதான் தாய். இப்போது புக்கிட் ரோத்தானில் வீட்டிலேயே ஒரு சின்ன இன்குபேட்டர் வைத்து, அக்கம் பக்கத்தார் கொண்டுவரும் முட்டைகளைப் பொரித்துக் கொடுக்கிறேன். கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்ப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பொரிக்க மிஷின் போதும், வளர்க்கக் கோழிதான் வேண்டும்.

1. கோல்ஃப் பந்து

அடையில் இருந்த புஷ்பத்தின் பெட்டையை ஒரு உடும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய முட்டைகளைக் கைலியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தாள்.

"இது பொரிக்கலன்னா என் நேர்த்திக்கடன் போச்சுக்கா."

அவள் மகன் லோரியில் சாமான் ஏற்றும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டவன். அவன் எழுந்து நடந்தால் முனியாண்டிக்குச் சேவல் விடுவதாக வேண்டியிருந்தாள். கடைச் சேவல் ஆகாது. அந்தப் பெட்டையின் வயிற்றில் பிறந்த சேவல் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். மகன் இப்போது கோலூன்றி நடக்கிறான். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இவள் பங்கு என் மிஷினில் கிடந்தது.

புஷ்பம் புஞ்சாக் ஆலாமில் மாணவர் விடுதியைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போகிறவள். மகனால் இன்னும் குனிய முடியாது. பகலில் குஞ்சுகளைப் பார்க்க ஆளில்லை. அதனால் என் கறுப்புக் கோழியைத் தயார் செய்தேன். சரியான அடைக்கோழி அது. முட்டையை எடுத்துவிட்டாலும் கூடையை விடாது. அதன் அடியில் பழைய கோல்ஃப் பந்துகளை வைத்தேன். கோழிக்குக் கோல்ஃப் தெரியாது, முட்டை என்றே நம்பி உட்கார்ந்திருந்தது.

குஞ்சுகள் பொரித்து, ஈரம் காய்ந்து உப்பியதும், மாலையில் மசூதியில் பாங்கு சொல்லும் நேரத்துக்குக் காத்திருந்தேன். வெளிச்சம் மங்கினால்தான் கோழி மந்தமாகும். பின்பக்கமாகக் கைவிட்டு ஒரு பந்தை எடுப்பேன், ஒரு குஞ்சை வைப்பேன். பேசக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது. கோழி இறக்கையை லேசாக அகட்டி, தொண்டைக்குள்ளேயே "க்ளக்" என்றது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விடிந்ததும் அது குஞ்சுகளோடு கூடையை விட்டு இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி கலக்கப் போனேன்.

2. பொட்டு

நான் உள்ளே போன நேரம் பார்த்துப் புஷ்பம் வந்திருக்கிறாள், வேலைக்குப் போகிற வழியில்.

ஓடிப்போய்ப் பார்த்தால் கோழி ஒரு குஞ்சின் தலையைக் கொத்திக்கொண்டிருந்தது. வேற்றுக் குஞ்சு என்று கண்டுகொண்ட கோழி சிறகைச் சிலிர்த்துத் துரத்தும். இது துரத்தவில்லை. தீனியைக் கண்டால் கூப்பிடுவதுபோல ஆசையாகக் கூப்பிட்டது. குஞ்சு நம்பி ஓடி வந்ததும் தலையிலேயே கொத்தியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குஞ்சின் உச்சியிலும் சிவப்பாக ஒரு பொட்டு.

"என்னடி இது?"

"சாமிக்கு நேர்ந்ததுன்னு குங்குமம் வெச்சேன்க்கா. எது சேவல்னு இப்பத் தெரியாதில்ல? அதான் எல்லாத்துக்கும் வெச்சிட்டேன்."

கோழிக்குச் சிவப்பு என்றால் தீனி. செம்பனைப் பழம் உதிர்ந்து கிடந்தாலும் போய்க் கொத்தும். பாவம், அது தன் பிள்ளைகளுக்கு இரை காட்டிக்கொண்டிருந்தது, அவர்கள் தலையிலேயே.

"துடை."

"ஐயோ, வேணாங்க்கா! சாமி பொட்டை அழிக்கலாமா? பையன் இப்பத்தான் எழுந்து நடக்கிறான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முனியாண்டிக்குக் கண்ணு நல்லாத் தெரியும் லா. பொட்டு இல்லாமயே அடையாளம் கண்டுக்குவாரு. இந்தக் கோழிக்குத்தான் தெரியல. துடைக்கிறியா, இல்ல எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைக்கிறியா?"

அழுதுகொண்டே வெந்நீர்த் துணியால் துடைத்தாள். மிச்சக் குங்குமத்தை வாங்கிக் கூடையின் வெளிப்பக்கம் ஒரு பொட்டாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

3. சாக்கு

குஞ்சுகளை மிஷின் சூட்டில் காய வைத்தேன். கொத்துப்பட்ட குஞ்சுக்கு ரத்தம் நின்றதும், அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் காயத்தின்மேல் தடவினேன்; ரத்தமும் சிவப்புத்தானே. மாலை வரை காத்திருக்க முடியாது, அதற்குள் கோழிக்கு மனம் மாறிவிடும். எனவே கோழியைக் கூடையில் உட்கார வைத்து, சாக்குகளால் மூடி, பட்டப்பகலில் ஓர் இருட்டை உண்டாக்கினேன். மறுபடியும் பின்பக்கமாக ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன்.

புஷ்பம் போனில் லீவு சொல்லிவிட்டுக் கூடை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கீச்சுக் கீச்சென்று கேட்டது. பிறகு அதுவும் அடங்கிப்போனது.

"செத்துருச்சாக்கா?"

"சும்மா இரு."

உண்மையில் எனக்கும் பயம்தான். ஹேட்சரியில் தட்டுத் தட்டாகக் குஞ்சுகளைப் பொரித்து அனுப்பியவள் நான். அன்று இந்த ஒரு கைப்பிடிக் குஞ்சுகளுக்காகச் சாக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் சாக்கை விலக்கினேன். கோழி அகல விரிந்து உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு இடையிலிருந்து கரி பூசிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது. கோழி அதையே பார்த்தது. பிறகு அலகால் லேசாகத் தள்ளி உள்ளே அனுப்பியது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் முட்டை கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கேட்டுவிடுகிறேன், சாமிக்கா, சட்டிக்கா என்று. சாமிக்கு என்றால் பொட்டு கூடைக்கு மட்டும்தான். மிஷினின் சூடும் ஈரமும் எனக்கு அத்துப்படி. குஞ்சைக் கொண்டுபோகிறவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று கேட்கக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

அன்று மதியம் சாக்கை விலக்கிக் காட்டிய பிறகும் புஷ்பத்துக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மற்றவையும் உயிரோடு இருக்கின்றனவா என்று இறக்கைக்கு அடியில் கையை விட்டாள். கோழி சிலிர்த்து எழுந்து விரலில் வைத்தது ஒரு கொத்து. ரத்தம் எட்டிப் பார்த்தது. விரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னையக் கொத்திட்டாக்கா! அவ புள்ளையத் தொட்டேன்னு என்னையக் கொத்திட்டா!"