மசினகுடியிலிருந்து போன சாமைக் கஞ்சி

காலை ஆறரை மணிக்கு மசினகுடி கடைவீதியில் ஜீப் ஏறினேன். ஊட்டிக்கு ஆளுக்கு நூறு ரூபாய். கல்லட்டி வழியாக முப்பது கிலோமீட்டர், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. பலகையில் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். எண் மட்டும் பார்த்ததுமே தெரியும். மடியில் தூக்குப்போசி. உள்ளே நானே குத்திய சாமையில் காய்ச்சிய கஞ்சி. நாங்கள் இருளர். காய்ச்சல் கண்டவர்களுக்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

என் தங்கை ரங்கி நெஞ்சில் சளி கட்டி ஊட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தாள். மூன்று நாளாக ஒரு வாய் உண்ணவில்லை. அன்று பன்னிரண்டு மணிக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு ஊருக்கு நடந்துவிடுவேன் என்று இவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

ஏழு மணி. மாவனல்லா தாண்டியதும் ரோட்டு நடுவில் ஒற்றை யானை. டிரைவர் பாய் வண்டியை அணைத்தார்.

"ஏனுங்கம்மா, உங்க காட்டு ஆளுதானுங்க. போகச் சொல்லுங்க" என்றார்.

"அவன் என்ன என் மச்சானா, சொன்னதும் போறதுக்கு?"

எட்டேகாலுக்குத்தான் யானை இறங்கிப் போனது. அதற்குள் மடியில் சூடு குறைந்துவிட்டது. வளைவுக்கு வளைவு போசியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே ஏறினேன். தலைக்குந்தா வந்தபோது குளிர் முகத்தில் அறைந்தது.

பத்து மணிக்கு வார்டு. நர்ஸம்மா போசியை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

"வெளிச் சாப்பாடு ஆகாதுங்கம்மா. என்ன போட்டு ஆக்குனதுன்னு எங்களுக்குத் தெரியாது."

"சாமை, தண்ணி, பூண்டு. உங்க ரொட்டியில என்ன போட்டிருக்குதுன்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

அவர் போசியின் மூடியை அழுத்தி மூடினார். "டாக்டர் வரட்டும்" என்றார்.

ரங்கி கட்டிலில் பாதியாய்க் கிடந்தாள்.

"ஏண்டி, வாயத் தொறக்கமாட்டேங்கற? சாமை இல்லைன்னுதான?"

"எதா இருந்தா என்ன அக்கா? தட்ட வெச்சுட்டு ஓடிப் போறாங்க. ஒருத்தரும் முதல்ல தன் வாயில வெச்சுக் காட்டல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பரிமாறுகிறவர் நோயாளி கண்ணெதிரே முதல் வாய் உண்டு காட்டுவார். இல்லாவிட்டால் நான் ஆக்கியதையே ரங்கி தொடமாட்டாள். இதை விட்டுவிட்டு மூன்று நாளாக நான் ஆஸ்பத்திரி அரிசிக் கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்குச் செல்வி என்கிற பெண் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அரிசிக் கஞ்சி.

"முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு சாமி" என்றேன்.

"ஏனுங்க, நான் வெஷமா வெச்சிருக்கறேன்?"

"நோயாளி சாப்பாட்ட நாங்க தொடக்கூடாதுங்க" என்றார் நர்ஸம்மா.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். பின்னாலேயே தட்டில் குழாய் வந்தது. ரங்கி போர்வையை விலக்கிக் காலைத் தரையில் ஊன்றினாள். நான் யாரையும் கும்பிட்டுப் பழகியவள் இல்லை. அன்று செல்வியைக் கும்பிட்டேன். எதற்கு என்பதையும் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற கிண்ணத்துல எடுத்துச் சாப்பிடட்டும் சிஸ்டர்."

செல்வி நின்றபடியே ஒரு வாய் உண்டாள். "உப்பே இல்லீங்க" என்று முகத்தைச் சுளித்தாள். ரங்கி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாய்" என்றாள்.

செல்வி என்னை முறைத்துக்கொண்டே இன்னொரு வாய் விழுங்கினாள். ரங்கி காலைக் கட்டில்மேல் எடுத்து வைத்தாள். வாயைத் திறந்தாள். குழாய்த் தட்டு திரும்பிப் போனது.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். நர்ஸம்மா போசியை அப்படியே திருப்பித் தந்தார். "நாளைக்கும் நாந்தான் திங்கணுமா?" என்று செல்வி கேட்டாள். "அவ ஊடு வர்ற வரைக்கும்" என்றேன். எங்கள் ஊரில் அந்தக் கட்டில் இல்லை, மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், முதல் வாய் உண்டு காட்டுவது. அதையும் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போதும் அதே பாய் வண்டி. காலையில் யானைக்காக நின்றபோது அவரிடம் ரங்கி கதையைச் சொல்லியிருந்தேன்.

"தங்கச்சி சாப்பிட்டாங்களாம்மா?"

"சாப்பிட்டா. என்னுத இல்ல, ஆஸ்பத்திரிக் கஞ்சிய." சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

கல்லட்டியில் வண்டி சூடு ஆற நின்றது. போசியைத் திறந்தேன். பாய் பார்க்க ஒரு வாய் உண்டுவிட்டு அவர் பக்கம் நீட்டினேன்.