அரக்குச் சேலைமேல் மீன்கண்

ஆரணியில் பட்டுச் சேலைக்குக் கண்ணாடி மாதிரி பாலிதீன் உறை ஊதியவர்களில் முதல் ஆள் நான். எட்டாவதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு சேவூர்ப் பக்கம் ஷெட் போட்டேன். குருணையை உருக்கி உறையாக ஊதும் மிஷின், யாரோ ஓரங்கட்டியதை, லாரியில் ஏற்றிவந்து நானே பொருத்தினேன். மகளைக் கெமிக்கல் இன்ஜினியராக்கினேன். அவள் வேலைபார்க்கும் பாலிதீன் குருணை ஆலையின் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, சரியானதிலும் எனக்குப் பங்குண்டு. அதை மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை.

அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது இது. லாரி டயரின் அழுத்தமெல்லாம் அங்கே ஒன்றுமே இல்லையாம். அதைவிடப் பல மடங்கு இறுக்கிய எத்திலீன் வாயுவில் துளி பெராக்சைடைப் பீய்ச்சுகிறார்கள். சூட்டில் அது இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு வாயுவைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, நீளச் சங்கிலியாகிறது; அதுதான் பாலிதீன். நிஜக் கேட்டலிஸ்ட் வேலை முடிந்தால் முழுசாகத் திரும்பவேண்டுமாம். இது திரும்பாது, சங்கிலியின் நுனியிலேயே ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் ஆலையில் அதற்கு அந்தப் பெயர்தான்.

ஒரே வகை பெராக்சைடு என்றால் எல்லாம் ஓரிடத்தில் பற்றிக்கொண்டு சூடேறிச் சங்கிலி சிக்காகிவிடும். உறையில் அது புள்ளியாகத் தெரியும். எங்கள் தொழிலில் அதற்கு மீன்கண் என்று பெயர். அதனால் சீக்கிரம் உடைவதையும் தாமதமாக உடைவதையும் கலந்து ஆலையில் செய்த குருணை ஒரு மூட்டை கொண்டுவந்தாள். ஊதிப் பார்த்ததில் பழையதைவிட நன்றாகவே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம்.

நான் விடவில்லை. ஒருமுறை கடையில் கல்யாணப் பார்ட்டி ஒன்று உறையோடு சேலையைத் தடவிப் பார்த்து, "ஜரிகை அறுந்துகினு கீது, வாணாங்க" என்று தள்ளிவிட்டது. ஜரிகை அறுந்திருக்கவில்லை, உறையிலிருந்த மீன்கண்தான் அப்படிக் காட்டியது. அதிலிருந்து எந்த உறையையும் அரக்குச் சேலையின் ஜரிகைமேல் விரித்து, ஜன்னலோரம் வைத்துத்தான் பார்ப்பேன். மகளின் உறையையும் விரித்தேன்.

"இன்னும் ரெண்டு மூணு கீதும்மா."

குனிந்து பார்த்தவள் மூட்டையைக் கட்டினாள். தாமதமாக உடைவதன் அளவைக் குறைத்து அடுத்ததைக் கொண்டுவந்தாள். ஜரிகைமேல் ஒரு புள்ளிகூட இல்லை. அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தேன்.

புதுக் கலவையைப் பற்றி ஆலைக்கு எழுதிய அறிக்கையை அவள் படித்துக் காட்டினாள். 'வாடிக்கையாளர் ஒருவரிடம் சோதிக்கப்பட்டது' என்றிருந்தது. யார் அது என்று கேட்டேன்.

"நீதாம்ப்பா" என்று சிரித்தாள். "அப்பா பேரையெல்லாம் போட மாட்டாங்க."

"அப்பான்னு போட வாணாம். ஆரணி உறைக்காரர்னு பேரோட போடு."

யோசிக்கிறேன் என்று போயிருக்கிறாள். யோசிக்க என்ன இருக்கிறது? உடைந்த பெராக்சைடுக்கே சங்கிலி நுனியில் இடமுண்டு. அறிக்கையின் கடைசி வரி எனக்குப் போதும், ஆனால் அதில் என் பெயர் இருந்தாக வேண்டும்.