கல்லில் ஏறிய கறை

நான் ஒரு கறையை எழுத்தாக வரைந்தேன். அது கறைதான் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரில் ஒரு சிறிய எழுத்துரு நிறுவனத்தில் எனக்கு வேலை. கமரூன் நாட்டு அரசர் ஒருவர் தம் பாமும் இன மக்களுக்காக உண்டாக்கிய எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கணினிக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண்; அந்த எண்ணுக்குரிய வடிவத்தைக் கையெழுத்துப் படியின் படத்தைப் பார்த்து வரைய வேண்டும். ஓர் எழுத்தின் கீழே சிறு கோடு தெரிந்தது. அதையும் வரைந்தேன். எழுத்துரு வெளியாயிற்று.

சில மாதங்களில் தெளிவான படம் ஒன்று கிடைத்தது. கோடே இல்லை... தாள் மடிந்த இடத்தில் மை ஊறியிருந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் நிறுவனத்தில் திருத்தியிருப்பார்கள். ஆனால் அதற்குள் முதலாளி எல்லார் முன்னிலையிலும் என் கண்ணின் கூர்மையைப் புகழ்ந்திருந்தார். அந்தப் புகழை விட மனம் வரவில்லை. என்ன அற்பத்தனம்!

கோயில் துண்டுப்பிரசுரத்தில் தமிழ் எழுத்து உடைந்து வந்ததற்கு, "பாத்துச் செய்யத் தெரியாதோ?" என்று அச்சகக்காரரைக் கிழித்தவனும் நான்தான்.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் மரியாமா, பாமும் இனத்துப் பெண். என் திரையைப் பார்த்த மறுநாள், தகப்பனாரின் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். தகப்பனார் தம் பெயரைப் பழைய எழுத்தில் எழுதியிருந்தார். அதில் அந்த எழுத்தும் இருந்தது, கோடு இல்லாமல்.

"அப்பா பிழையாக எழுதிவிட்டாரா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"ஆம், பிழைதான்" என்றேன். நிதானமாக, படித்தவன் குரலில்!

அன்று மாலை மனைவி கேட்டாள்: "என்னப்பா, சோறு இறங்கேல்லையோ?"

"ஒண்டுமில்லை. வேலையில கொஞ்சம் கரைச்சல்."

அவளிடமும் பொய்.

போன வருடம் அந்தத் தகப்பனார் இறந்துபோனார். கல்லறைக் கல்லின் படத்தை மரியாமா கைபேசியில் காட்டினார்.

"உங்கள் எழுத்துருவைத்தான் கல் செதுக்குபவரிடம் கொடுத்தோம். அப்பாவின் பிழையைத் திருத்திவிட்டோம். நன்றி."

கோடு ஆழமாக விழுந்திருந்தது. ஒரு டப்பாவில் பொரித்த வாழைப்பழமும் தந்தார். தின்றேன்... ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றேன். நல்ல ருசி என்றுகூடச் சொன்னேன்.

திருத்தச் சொல்லும் மின்னஞ்சலை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் எழுத்து சரியாகும், கல் பிழையாகும். மரியாமாவின் மனம் நோகக் கூடாது என்றுதான் அனுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.

இன்று காலையும் மரியாமா என் மேசைக்கடியில் தரையைத் துடைத்தார். நான் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.