குரூப் போட்டோவில் அம்மாவின் இடம்

அரசு அலுவலகத்தில் குரூப் போட்டோ எடுப்பதற்கு விதி எதுவும் கிடையாது. பணியில் இருந்த காலமெல்லாம் தேடிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். குண்டூசி வாங்க விதி உண்டு. உடைந்த ஸ்டூலைக் கழித்துக்கட்ட விதி உண்டு. போட்டோவில் யார் உட்காருவது, யார் நிற்பது என்பதற்கு மட்டும் இல்லை. இருக்கிற விதிகளையெல்லாம் காற்றில் விட்டவர்கள், இல்லாத இந்த ஒன்றை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

எழுபதுகளில் என் அம்மா திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே அவள் ஒருத்திதான் பெண். ஆயுத பூஜை அன்று விடுமுறை என்பதால் அலுவலகப் பூஜை முந்தின நாளே நடக்கும். அந்த வருஷம் போட்டோவும் உண்டு என்று புது அதிகாரி அறிவித்திருந்தார். அம்மாவுக்கு அந்தப் போட்டோ வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில் இருந்த என் மாமா, தன் தங்கை ஆபீஸில் டீ போட்டுக் கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவளை! போட்டோவை அவர் கையில் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று அம்மா நம்பினாள்.

கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பொரி கடலைக்காகக் கூட வந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தோரணம் கட்டியது, கோலம் போட்டது, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தது எல்லாம் அவள்தான். அதற்கு யாரும் சீனியாரிட்டி கேட்கவில்லை.

பூஜை முடிந்ததும் முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டார்கள். பின்னால் மலை தெரிய வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் போட்டோக்காரர்களின் பிடிவாதம்.

"சீக்கிரம் வாங்க சார். மதியம் ஆச்சுன்னா வெயில் மலைப் பக்கம் போயிடும், மூஞ்சியெல்லாம் கருப்பா விழும்" என்று அவசரப்படுத்தினார் போட்டோக்காரர். அம்மாவைப் பார்த்து, "மேடம், நீங்க அந்த ஓரத்துச் சேர்ல உக்காருங்க" என்றார்.

நாற்காலி கிடைக்காத சீனியர் கிளார்க் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "டைப்பிஸ்ட்டு உக்காருவாங்க, நான் பின்னால நிப்பனா? எம் சர்வீஸ் என்னா, அவங்க சர்வீஸ் என்னா?"

"நான் நிக்கிறேங்க சார், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.

"ஆம்பளைங்களோட இடிச்சிக்கிட்டு லேடீஸ் நிக்கறதா? நல்லாருக்காதுங்க" என்றார் ஹெட் கிளார்க்.

"அப்ப முன்னால தரையில உக்காந்துக்கறேன்."

"அது பியூன், வாட்ச்மேன் உக்கார்ற எடம்மா. நீங்க டைப்பிஸ்ட்டு. ஆபீஸ் மானம் என்னாவறது?"

நாற்காலிக்குப் பதவி போதாது, நிற்பதற்குப் பெண்ணாக இருக்கக் கூடாது, தரைக்குப் பதவி அதிகம். இவ்வளவு கச்சிதமாக ஒரு மனுஷியை ஒரு முற்றத்திலிருந்து விலக்கிவைக்க, பின்னாளில் நான் படித்த எந்த அரசாணைக்கும் துப்பு இருந்ததில்லை.

சீனியர் கிளார்க்கே வழியும் கண்டுபிடித்தார். "எல்லாரும் இங்க வந்துட்டா, போன் அடிச்சா யாரு எடுக்கறது?"

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "கரெக்ட். அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள பாத்துக்குங்க."

விடுமுறைக்கு முந்தின நாள் அந்த அலுவலகத்தைக் கூப்பிட யாருக்குப் பைத்தியம்? அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். போன் அடிக்கவேயில்லை.

வெளியே போட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "பாப்பாவ மடியில வெச்சிக்குங்க சார், களையா இருக்கும்." எந்த விதியும் குறுக்கே வரவில்லை. அதிகாரி மடியில், அத்தனை பேருக்கும் நடுவில், நான் உட்கார்ந்தேன்.

போட்டோ வந்ததும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அம்மா அதை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அடுத்த பௌர்ணமிக்கு அவரைக்காய் மூட்டையோடு வந்த மாமா, "என்னமோ போட்டோ புடிக்கறாங்கன்னியே, எங்க?" என்றார்.

"இன்னும் வரலண்ணா."

"வந்துடுச்சு மாமா!" என்று ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

மாமா வெளிச்சத்தில் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம் பார்த்தார். "உன்னக் காணமேம்மா?"

"உள்ள வேலையா இருந்தேன்."

"அதான் நான் சொன்னேன்" என்று சிரித்தார். "டீ போட்டுக்கிட்டு இருந்திருப்ப."

"நான் இருக்கேன் பாருங்க மாமா, சார் மடியில!" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா அவரைக்காயை முறத்தில் கொட்டி நார் உரிக்க ஆரம்பித்தாள். மாமா கிளம்பிப் போன பிறகும் அவள் தலை நிமிரவில்லை. போட்டோவில் நான் கண்ணை மூடியிருந்தேன். அதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, "அடுத்த வருஷம் சார் மடியில உக்காரும்போது கண்ணு மூடவே மாட்டம்மா" என்று சத்தியம் செய்தேன்.